கழுநீரை எங்கே கொட்டுவது?

(வாலிபர் முகாம்களுக்குப் பொறுப்பேற்போர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வீசிச் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்கு விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடங்களும் சபைகளும் வாலிபர் சங்கங்களும் வேன் பிடித்து, அண்டா குண்டான்களோடு குற்றாலத்துக்கு வருகிறார்கள். பாட்டுக்கு ஒருவர், வேதபாடத்துக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர் என்று ஆள் நியமித்திருப்பார்கள். இராச்சாப்பாடு முடிந்தபின் பாத்திரம் விளக்குவது யார், அந்தத் தண்ணீரைக் கொட்டுவது எங்கே என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதைப்பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

"ஓடுகிற ஆறுதானே, அதிலேயே அலசிவிடலாம்" என்பது வழக்கமான பதில். அது எங்கே ஓடுகிறது? குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு பேரருவியாய் விழுந்து, தென்காசியைத் தொட்டு, கங்கைகொண்டான் வழியாகப் போய், சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழிநெடுக அணைக்கட்டுகள், கால்வாய்கள், குளங்கள், வயல்கள். அதில் குளிக்கிறவர்கள் உண்டு, துணி துவைக்கிறவர்கள் உண்டு, மாடு குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. நமக்கு வேலை முடிந்த தண்ணீர், கீழே இருக்கிறவருக்கு அப்போதுதான் வந்துசேரும் தண்ணீர்.

சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் ஆற்றில் அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. சோப்புத் தண்ணீர் மீன்களின் செவுள்களைக் கெடுக்கிறது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு உபயோகிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. குளிக்கிறவருக்கே அப்படியென்றால், இருநூறு பேருக்குச் சமைத்த அண்டாவுக்கு எப்படி?

ஒரு வாளிக் கழுநீர் என்ன செய்துவிடும் என்பீர்கள். 1854-ஆம் ஆண்டு லண்டனில், பிராட் தெருப் பகுதியில் காலரா பரவி அறுநூறு பேருக்குமேல் மாண்டார்கள். தெருமுனை அடிபம்பின் தண்ணீரே காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்நோ சொன்னார். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவர் சொன்னதை நம்பாதவர்களில் ஒருவர் அந்தப் பகுதியின் உதவிப் போதகர் ஹென்றி வைட்ஹெட். ஸ்நோ சொன்னது தவறு என்று காட்டவே அவர் வீடுவீடாக விசாரித்தார். கடைசியில் அவர் கண்டுபிடித்ததே டாக்டர் சொன்னதற்குச் சாட்சியாயிற்று. பம்பை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி. தாய் அதன் துணிகளை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை வீட்டின் சாக்கடைக் குழியில் கொட்டினாள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே சில அடி தூரமே. குழியின் செங்கல் சுவர் சிதைந்திருந்தது. அந்தத் தாய் பொல்லாதவள் அல்ல. தண்ணீரைக் கொட்டின இடம்தான் பொல்லாத இடம்.

அப்படியானால் முகாமில் என்ன செய்யலாம்?

முதலாவது, கழுவ வேண்டியதைக் குறையுங்கள். வாழை இலையில் பரிமாறினால் தட்டுகள் மிச்சம். அண்டாவில் ஒட்டியதை வழித்தெடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்தால் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரிசி களைந்த தண்ணீரைத் தனியே வைத்தால், அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் கழுநீர்த் தொட்டிக்கு வாங்கிக்கொள்வார்.

இரண்டாவது, தண்ணீரை ஆற்றிலிருந்து மொண்டு கொண்டுவாருங்கள். பாத்திரத்தை ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். மூன்று வாளி போதும். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் அலசும் தண்ணீர், மூன்றாவதில் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீர். கழுவியதை ஈரத்துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். அந்த ஒரு துணியே முகாம் முழுவதற்கும் வயிற்றுப்போக்கைப் பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஆற்றுக்கும் ஓடைக்கும் கிணற்றுக்கும் குறைந்தது இருநூறு அடி தள்ளி, இடத்துக்காரரிடம் அனுமதி கேட்டு ஓர் உறிஞ்சு குழி தோண்டுங்கள். அதில் கல்லும் ஓட்டுத்துண்டும் நிரப்பி, மேலே காய்ந்த புல்லை மெத்தைபோல் பரப்புங்கள். சாரணர்கள் இதை ஈரக்குழி என்பார்கள். எண்ணெயும் பருக்கையும் புல்லில் தங்கிவிடும். தண்ணீரை மண் வாங்கிக்கொள்ளும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சுத்திகரிக்கும். "இயற்கைச் சோப்பு" என்று விற்பதையும் ஆற்றில் விடலாகாது. அது மக்குவதற்கும் மண் வேண்டும். புல்லைத் தினமும் மாற்றுங்கள். புறப்படும் நாளில் குழியை மூடுங்கள். பாறையான இடமானால் கழுநீரை டிரம்மில் சேர்த்து, தங்கும் விடுதியின் கழிவுநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோங்கள்.

ஆற்றை விட்டுத் தள்ளிக் கழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. மலைமேல் பெய்கிற மழை கீழே இருப்பவருக்குத் தெரியாது. இருட்டில் அண்டாவோடு ஆற்றில் இறங்கும்படி யாரையும் அனுப்பாதீர்கள்.

வேதத்தில் முகாம் சுகாதாரத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. உபாகமம் 23-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாளயத்துக்கு வெளியே ஓர் இடம் குறித்து, ஆயுதங்களோடு மண் தோண்ட ஒரு கோலும் வைத்துக்கொண்டு, கழிவை மண்ணால் மூடவேண்டும் என்று இஸ்ரவேலருக்குக் கட்டளை. பாளயத்தின் நடுவே தேவன் உலாவுகிறார் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். போருக்குப் போகிறவனுக்கே மண்வெட்டி அவசியமானால், பக்திவிருத்திக்குப் போகிற நமக்கு எவ்வளவு அவசியம்!

முடிவாக ஒன்று. முகாம்களில் பெரும்பாலும் பாத்திரம் விளக்குகிறவர் கூலிக்கு வந்த அம்மாதான். நாள் முழுதும் அடுப்படியில் நின்று களைத்துப்போன அவரிடம், ஆறு பத்தடியில் இருக்கையில், வாளியை இருநூறு அடி தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்வது நியாயமல்ல. அந்த வாளியைத் தலைவர்களாகிய நீங்கள் தூக்குங்கள். சீஷருடைய கால்களைக் கழுவினவரைப் பற்றிப் பிரசங்கிக்கிற நமக்கு அது பெரிய பாரமல்ல. இந்த வருஷம் நிகழ்ச்சிநிரல் தயாரிக்கும்போது, ஜெபம் நடத்துகிறவர் பெயருக்குப் பக்கத்தில் கழுநீர் வாளி தூக்குகிறவர் பெயரையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே பெயராக இருந்தால் இன்னும் நல்லது.