விரலுக்கு அட்டவணை உண்டு, மனதுக்கு?

(ராஜபாளையம் பஞ்சாலைத் தொழிலாளரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடித்து வந்தவர்களும், நாற்று நட்ட கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். கூலி, பஞ்சப்படி, போனஸ் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். அதிலும் நம் வீட்டுப் பையன்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்களே, எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் அதிரும் ராக் சங்கீதம், அதைப் பற்றி. “அந்தக் கூச்சலுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று பெரியவர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் உண்டு. ஆனால் முதலில் நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நம் சங்கத் தோழர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இரவு ஷிப்டில், கார்டிங் மெஷினில், இரண்டு விரல்கள் போயின. நாம் சும்மா இருக்கவில்லை. மனு எழுதினோம், அலைந்தோம், நஷ்ட ஈடு வாங்கிக் கொடுத்தோம். எந்த விரல் போனால் எத்தனை சதவீதம் என்று 1923-ம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே அட்டவணை உண்டு. பணம் வந்தது. காரியம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் அந்தத் தோழர் பேசுவதை விட்டுவிட்டார். கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். நடுராத்திரியில் அலறி எழுகிறார் என்று அவர் வீட்டம்மா வந்து சொன்னார். “அதுதான் பணம் வந்துவிட்டதே, இன்னும் என்ன?” என்று கேட்டோம். அப்படிக் கேட்டது முதலாளி அல்ல, தோழர்களே. நாம்தான் கேட்டோம்.

விரலில் பட்ட காயத்தை எல்லோரும் பார்த்தோம். உள்ளே பட்ட காயத்தை யாரும் பார்க்கவில்லை. அதற்கு அட்டவணை இல்லை. ஆகவே அது இல்லவே இல்லை என்று முடிவு கட்டினோம்.

நம் தாய்மார்கள் இந்தத் தவறைச் செய்ததில்லை. சாவு வீட்டில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அதில் செத்தவரைப் பற்றிய புலம்பல் மட்டுமா இருக்கிறது? வட்டிக்காரன் வாசலில் நின்றது, கூடப் பிறந்தவன் கைவிட்டது, பட்டினி கிடந்தது, அடிபட்டது எல்லாம் வெளியே வருகிறது. மற்ற நாளில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அன்று ராகம் போட்டுச் சொல்கிறாள். சுற்றியிருப்பவர்கள் கூடச் சேர்ந்து இழுக்கிறார்கள். துக்கம் போய்விடுவதில்லை. ஆனால் ஒருத்தி தலையில் இருந்த சுமையைப் பத்துப் பேர் கை கொடுத்து இறக்குகிறார்கள். மறுவாரம் அவள் வயலில் இறங்கி நடவு நடுகிறாள். நம் பக்கத்து ஆண்களுக்கு இது கிடையாது. “ஆம்பிளை அழலாமா?” என்று சொல்லி வாயை அடைத்துவிட்டோம். அடைத்த வாய் சாராயக் கடையில்தான் திறக்கிறது.

இப்போது ராக் சங்கீதத்துக்கு வருவோம். அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? பருத்திக் காட்டில். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்கள் அடிமைகளாகவும், 1865-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கடனில் மூழ்கிய வாரக்குடிகளாகவும் பருத்தி எடுத்தார்கள். அவர்களுடைய வேதனையிலிருந்து பிறந்தது ‘புளூஸ்’ என்னும் பாட்டு. மடி வாட்டர்ஸ் என்ற பண்ணைத் தொழிலாளி 1943-ல் பிழைப்புத் தேடி சிகாகோ நகருக்குப் போனார். நகரத்து மது விடுதிகளின் இரைச்சலில் சாதாரணக் கிதார் எடுபடவில்லை. எலெக்ட்ரிக் கிதாரை எடுத்தார். அந்த வழியில் வளர்ந்ததுதான் ராக். பருத்தியில் பிறந்த பாட்டு, பஞ்சாலைத் தொழிலாளிக்கு அந்நியமாகுமா?

இன்னொரு செய்தி கேளுங்கள். பிரிட்டனில் பர்மிங்ஹாம் என்று ஒரு தொழில் நகரம். 1965-ல் அங்கே ஒரு தகடுப் பட்டறையில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் வேலை பார்த்தான். கிதார் வாசிப்பவன். வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாள் அது. வராத ஆளுக்குப் பதிலாக அவனைப் பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. கம்பியை அழுத்துகிற கை அது. இனி வாசிக்கவே முடியாது என்றார்கள். மனம் உடைந்து கிடந்தவனிடம் பட்டறை மேலாள் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். நெருப்பில் வெந்த கையில் இரண்டே விரல்களைக் கொண்டு வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டு அது. பையன் எழுந்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்தான், மேலே தோல் ஒட்டினான். விரல் நோகாமலிருக்க மெல்லிய கம்பிகளைப் போட்டான். பிறகு அவற்றின் இறுக்கத்தையும் தளர்த்தினான். ஓசை தாழ்ந்து, கனத்து, இரும்புப் பட்டறை போல ஒலித்தது. 1968-ல் அவனும் அதே நகரத்துத் தோழர் மூவரும் சேர்ந்து அமைத்த குழுதான் ‘பிளாக் சபாத்’. உலகம் ‘ஹெவி மெட்டல்’ என்று அழைக்கிற இசை, ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரலிலிருந்து வந்தது!

1970-ல் அந்தக் குழு ‘பாரனாய்ட்’ என்ற பாட்டை வெளியிட்டது. காரணம் தெரியாமல் மனம் இருண்டு கிடக்கிற ஒருவனின் பாட்டு அது. அதை எழுதிய கீசர் பட்லர், அது மனச்சோர்வைப் பற்றியதுதான் என்று பின்னாளில் கூறினார். ஆலைப் பையன்கள் அதைக் கேட்டபோது, “எனக்கு மட்டுமல்ல, இவனுக்கும் இப்படித்தான்” என்று தெரிந்துகொண்டார்கள். தனியாகக் கிடப்பவனுக்கு அது சிறிய செய்தி அல்ல.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. வடசென்னைச் சாவு வீடுகளில் ஆண்கள் பாடுகிற கானாவையும், பறையையும், ராக் கிதாரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். மலக்குழியில் இறங்கி மாண்டவனைப் பாடினார்கள். சாதி வெறிக் கொலையைப் பாடினார்கள். குனிந்து மறைத்து வைத்திருந்த அவமானத்தை ஆயிரக்கணக்கானவர் முன்னே நிமிர்ந்து பாடினார்கள். கேட்டவர்கள் அழுதார்கள், ஆடவும் செய்தார்கள். அவமானம் செய்தவனுக்குரியது, பட்டவனுக்குரியதல்ல என்று அந்த மேடை சொல்லிற்று.

நம் தோழரின் கதைக்குத் திரும்புவோம். ஒரு மே தின மாலையில் நம் பையன்கள் இரவல் கிதாரும் தப்பும் வைத்துக்கொண்டு, இரவு ஷிப்டுச் சங்கைப் பற்றித் தாங்களே கட்டிய பாட்டைப் பாடினார்கள். காது கிழிகிற சத்தம்தான். விரல் இழந்த தோழர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் எழுந்தார். “மணி ரெண்டு இருக்கும்” என்று தொடங்கினார். அந்த இரவை முதல் முறையாக முழுவதும் சொன்னார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து அம்மா ஒருவர் எழுந்தார். கடன் தொல்லையில் தானே உயிரை விட்ட மகனுக்கு, “இப்படிப் போனவனுக்கு ஒப்பாரி வேண்டாம்” என்று உறவினர்கள் தடுத்ததைச் சொன்னார். அன்று அந்த மகனுக்காக, ஆண்களும் பெண்களுமாக எல்லோரும் அழுதோம்.

பாட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? தீர்க்காது. பாடினால் விரல் முளைக்காது. மெஷினுக்குக் காவல் தகடு போட வைப்பது சங்கத்தின் வேலை. கடன் சுமையை இறக்கப் போராட்டம்தான் வழி. தூக்கம் போனவனுக்கும் வாழ்வே வேண்டாம் என்பவனுக்கும் டாக்டர் வேண்டும். நம் தோழரும் அதன் பிறகு அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் போனார். இன்றும் அவர் கார்டிங் பக்கம் போவதில்லை. ஆனால் தூங்குகிறார், கூட்டத்துக்கு வருகிறார். 14416 என்ற எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 2022-ல் தொடங்கிய அரசு ஏற்பாடு அது. மனநலச் சிகிச்சை பெறுவது நம் உரிமை என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பைத்தியம் என்று பட்டம் கட்டுகிறவனுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பாட்டு செய்வது ஒன்றே ஒன்று. அடைத்த வாயைத் திறக்கிறது. வாய் திறந்த பிறகு கேட்கக் காது வேண்டும். அந்தக் காதாக நாம் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறோம். இனி மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஒதுக்குவோம். ஒப்பாரி தெரிந்த தாய்மார்கள் வாருங்கள். கிதார் பிடிக்கும் பையன்களும் வாருங்கள். ஒருவர் பாட்டை மற்றவர் கேளுங்கள். அடுத்த முறை ஒரு தோழர் அடிபட்டால், நஷ்ட ஈட்டு மனுவை எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ராத்திரி தூக்கம் வருதா தோழா?” என்று கேட்போம்.