இப்போது என்ன படிக்கிறீர்கள், தோழரே?

(கொச்சி, மட்டாஞ்சேரியில் நடைபெற்ற தமிழ் வாசகர் கூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை இங்கே கூடியவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்பட்டது. இப்போது எந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதே அக்கேள்வி. பஜார் சாலையில் மூட்டை தூக்கும் தோழர் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் பற்றிப் பேசினார். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் கதை. 2012-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. விருதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவனின் கால்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். வேளியில் துணி தேய்க்கும் அம்மையார் தகழியின் 'செம்மீன்' நாவலை, சுந்தர ராமசாமியின் தமிழில், கேட்டுவருவதாகச் சொன்னார். படித்துவருவதாகச் சொல்லவில்லை, கேட்டுவருவதாகச் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் இரவில் வாசிக்கிறார். மாமியார் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் கேட்கிறார். மூன்றாவதாக எழுந்த இளம் தோழர், பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' நூலை மலையாளத்தில் படித்துத் தனியே இருந்து சிரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, சற்றே குரலைத் தாழ்த்தி, "இது அரசியல் புத்தகம் இல்லைதான்" என்று முடித்தார்.

அந்தக் கடைசிச் சொற்களே இன்றைய உரையின் பொருள். அந்த இளைஞர் எதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசினார்? புத்தகம் படித்து மகிழ்ந்ததைத் தோழர்களின் நடுவே ஒப்புக்கொள்வதில் ஏன் அந்தக் கூச்சம்?

கூச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இலக்கிய விற்பனை என்று ஓர் இனம் உண்டு. எத்தனை பிரதி வந்தது, எத்தனை விற்றது, பாக்கி எவ்வளவு என்று கேட்கப்படுகிறது, கேட்கவும் வேண்டும். வாங்கியவர் அதைத் திறந்தாரா, திறந்தவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்று யாரும் கேட்பதில்லை. கட்சி வகுப்பில் படிக்கவேண்டிய நூல்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் இடம் வேறு. 'கூலி, விலை, லாபம்' போன்ற நூலைக் கையில் பென்சிலோடு, வரிக்கு வரி நின்று படிக்கத்தான் வேண்டும். ஆனால் வகுப்புக்கு வந்து அமர்கிறவர் அதற்கு முன்பே ஒரு வாசகராக இருக்க வேண்டுமே. அந்த வாசகர் எங்கே உருவாகிறார் என்ற கேள்விக்குப் பட்டியலில் விடை இல்லை. விடை, இந்தக் கேரள மண்ணிலேயே, இங்கிருந்து வடக்கே கண்ணூரில் கிடைக்கிறது.

பீடி சுற்றும் தொழிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலையை நறுக்கி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டுவதில் கண்ணும் கையும் கட்டுண்டு கிடக்கும். காது மட்டுமே விடுதலையாக இருக்கும். அந்தக் காதைத் தொழிலாளர்கள் வீணாக்கவில்லை. கண்ணூர் வட்டாரப் பீடிக் கூடங்களில் ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுற்றியபடி கேட்பார்கள். முதலில் செய்தித்தாள், பிறகு கதையும் நாவலும். பீடித் தொழில் எண்ணிக்கைக் கூலித் தொழில். ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதே கணக்கு. வாசிக்கிறவரின் கை ஓய்ந்திருந்தால் அவர் வீட்டு அடுப்பும் ஓய்ந்துவிடும். ஆகவே, வாசிக்கும் நேரத்தில் அவர் சுற்றியிருக்கக்கூடிய பீடிகளைச் சுற்றிலும் இருந்தவர்கள் தங்கள் பங்கோடு சேர்த்துச் சுற்றிக்கொடுத்தார்கள். இதைச் சற்று நிதானித்து எண்ணிப்பார்க்க வேண்டும். கேட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தத் தொழிலாளர்கள் தங்கள் விரல்களால் விலை கொடுத்தார்கள். பிடிக்காத புத்தகத்துக்கு எவராவது அப்படி விலை கொடுப்பாரா? அங்கே வாசிக்கப்பட்டவை கேட்டோருக்குச் சுவைத்தன, சுவைத்ததனால் மறுநாளும் கேட்டார்கள், கேட்டதனால் வாதிட்டார்கள்.

அந்த வாதங்கள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பது வரலாறு. பீடி, சுருட்டுத் தொழிலாளர் வேலை நிலைமைகள் சட்டம் 1966-ல் வந்தது. கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவை அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, பெரிய பீடி முதலாளிகள் கூடங்களைப் பூட்டிக்கொண்டு போனார்கள். சுமார் 12,000 பேர் வேலை இழந்தனர். 1969-ல் அவர்களே கூடிக் கட்டியதுதான் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம். முதலாளி இல்லாமல் ஒரு தொழிலை நடத்த, கணக்குப் பார்க்க, கூட்டத்தில் எழுந்து மாற்றுக் கருத்துச் சொல்ல, பள்ளிப்படிப்புக் குறைந்தவர்களுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? போராட்டத்திலிருந்து வந்தது என்பது சரியான விடை. அந்த வாசிப்பிலிருந்தும் வந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால் விடை முழுமை பெறும்.

கடல் கடந்து கியூபாவிலும் இதே வழக்கம் இருந்தது. 1865-ல் ஹவானாவின் எல் ஃபிகாரோ சுருட்டு ஆலையில் உரத்த வாசிப்பு தொடங்கியது. வாசிப்பவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை விதித்தது. (மார்க்ஸ், 'கூலி, விலை, லாபம்' என்று பின்னர் நூலாக வந்த உரையை லண்டனில் அகிலத்தின் பொதுக்குழு முன் நிகழ்த்தியதும் அதே 1865-ல்தான்.) தடைகளைத் தாண்டி அவ்வழக்கம் நிலைத்து, அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்த சுருட்டுத் தொழிலாளர்களோடு டாம்பா நகருக்கும் போயிற்று. அங்கே 1931-ல் ஆலை முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். அந்த இடத்தில் வானொலிப் பெட்டி வந்து அமர்ந்தது. முதலாளிகளை அச்சுறுத்தியது துண்டறிக்கைகள் மட்டும்தானா? அந்த ஆலைகளில் தொழிலாளர்கள் விரும்பிக் கேட்டவற்றுள் ஒன்று அலெக்சாந்தர் துமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு'. காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறையில் கிடந்தவன் தப்பி வந்து பழிவாங்கும் சாகசக் கதை. புகழ்பெற்ற கியூபச் சுருட்டு ஒன்றுக்கு மாண்டிகிறிஸ்டோ என்ற பெயர் அந்த நாவலால்தான் வந்தது என்று சொல்வார்கள். அந்தத் தொழிலாளர்கள் எவரும் "இது அரசியல் புத்தகம் இல்லைதான்" என்று குரலைத் தாழ்த்தியிருக்க மாட்டார்கள்.

பஷீரிடமே திரும்பி வரலாம். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அந்த மனிதர், தம் புத்தகங்களைத் தாமே சுமந்து விற்றவர். படகுத்துறைக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில், புத்தகக் கடையும் நடத்தியவர். 'பாத்துமாவின் ஆடு' என்ன சொல்கிறது? ஒரு வீடு, அதில் வருமானத்துக்கு மேல் ஆட்கள், சம்பாதிக்கிற ஒருவன் கைக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள், ஆடு கையில் கிடைத்ததை எல்லாம் தின்றுவிடுகிறது, எழுத்தாளரின் சொந்தப் புத்தகங்களையும் சேர்த்து. வறுமையைப் பற்றி எழுதியவர் பலர். வறுமைக்குள் இருக்கிறவர்களை ஒரு கணமும் இழிவாகக் காட்டாமல், வாசகரைச் சிரிக்கவைத்துக்கொண்டே எழுதியவர்கள் மிகக் குறைவு. உழைக்கும் மக்களை மதிக்கக் கற்றுத் தருகிற நூல் அரசியல் நூல் அன்று என்றால், அந்தச் சொல்லின் பொருளைத்தான் திருத்த வேண்டும்.

கேரளத்தின் நூலக இயக்கத்தை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட்டால் போதும். பி.என். பணிக்கர் 1945-ல் திருவிதாங்கூரில் 47 நூலகங்களை ஒன்றிணைத்துச் சங்கம் அமைத்தார். அவர் மறைந்த ஜூன் 19 இன்று வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் அங்கே நூலகம் அரசுத் துறையாக வளர்ந்தது. இங்கே ஊரார் உறுப்பினராகி, தங்களுக்குள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு நடத்தும் வாசிப்புக் கூடமாக வளர்ந்தது. அதனால்தான் இங்கே புத்தகம் எடுக்க வருகிறவர் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகிறார். எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால், வீடு வீடாகச் சென்ற தொண்டர்களோடு, இந்த நின்று பேசும் பழக்கமும் இருந்தது.

ஆனால் மட்டாஞ்சேரித் தமிழர்களுக்கு இதில் தனியான ஓர் இடர் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் முதல், நேற்று கட்டட வேலைக்கு வந்தவர்கள் வரை, வீட்டில் பேசுவது தமிழ். பிள்ளைகள் பள்ளியில் கற்பது மலையாளம். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு மதில் எழும்பிவிட்டது. பாட்டிக்குப் புரிகிற மொழியைப் பேரன் பேசுவான். அதை அவனால் படிக்க முடியாது.

இதில் வரலாற்றின் குறும்பு ஒன்று இருக்கிறது. தமிழ் எழுத்துகளில் அச்சான மிகப் பழைய புத்தகங்களுள் ஒன்று இந்தக் கொச்சியில்தான் அச்சாயிற்று. கொல்லத்தில் 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1579-ல், 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சேறியது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அண்டிரிக்கி அடிகளாரின் ஆக்கம். மதபோதனை நூல்தான், எனினும் கடலோர உழைப்பாளிகளை நோக்கித் தமிழ் அச்சு முதன்முதலில் பேசியது இந்தக் கரையிலிருந்துதான். அந்தக் கரையிலேயே இன்று தமிழ்ப் புத்தகம் வாசகரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

மதிலைத் தாண்டிய முன்னோடியும் இருக்கிறார். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் பயின்றவர். அவர்தான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைத் தமிழுக்குத் தந்தார். 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். மொழி முதலில் காதில் வாழ்கிறது. காதில் உயிரோடு இருக்கிற மொழியை எழுத்துக்கு மீட்டுவிடலாம். வேளி அம்மையாரின் வீட்டில் இரவுதோறும் நடப்பது அந்த மீட்புதான். அவர்கள் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

ஆகவே, பீடிக் கூடத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. தோபி கானாவில் துணியைக் கல்லில் அடிக்கும்போது எவர் வாசித்தாலும் காதில் விழாது. தேய்க்கும் நேரத்தில் விழும். மூட்டை முதுகில் இருக்கும்போது கதை கேட்க முடியாது; லாரி வருவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் கேட்கலாம். ஒவ்வொரு தொழிலிலும் காது ஓய்ந்திருக்கும் ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளையில் இப்போது கைப்பேசி புகுந்திருக்கிறது. முப்பது விநாடிக்கு ஒரு காணொளி, அதில் பாதி வெறுப்பு. அதைத் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. அதைவிடச் சுவையான ஒன்றை அந்த இடத்தில் வைத்தால் ஒழிய, அது போகாது.

இன்னொன்று. இந்தத் தெருக்களின் சொந்தக் கதையே பலருக்குத் தெரியாது. சாப்பா என்ற உலோக வில்லையைக் கங்காணி கூட்டத்தின் நடுவே வீசியெறிவான். பாய்ந்து, ஒருவரையொருவர் மிதித்து, அதைப் பற்றியவனுக்கே அன்று துறைமுகத்தில் வேலை. அந்த முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. செய்து, செய்தலவி, ஆண்டனி ஆகிய மூவர் தியாகிகளாயினர். கே.எம். சிதம்பரன் அதை 'துறமுகம்' என்ற நாடகமாக எழுதினார். 2023-ல் வந்த திரைப்படத்தைப் பலர் பார்த்திருக்கிறார்கள். நாடகத்தைக் கையில் எடுத்தவர் எத்தனை பேர்? மலையாளம் படிக்கத் தெரிந்த இளைஞர் வாசிக்கட்டும். கடினமான இடத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். வாசிப்பவருக்குத் தமிழ் பழகும், கேட்பவருக்கு ஊர் பழகும்.

பிப்ரவரி 21 செம்புத்தக நாள். 1848-ல் 'கம்யூனிஸ்ட் அறிக்கை' வெளிவந்த நாள் என்பதால் 2020 முதல் அது கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராகக் கூடி அறிக்கையை உரக்க வாசித்தார்கள். உலகத் தாய்மொழி நாளும் அதுவே. அன்று இங்கும் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் வாய் திறக்கும் வாசிப்பு, திருவிழாத் தேரைப் போல மறுநாள் கொட்டகைக்குள் போய்விடும். மாதம் ஒருமுறை, ஒரே ஒரு கேள்வியோடு, பத்துப் பேர் கூடினாலும் போதும். படித்து முடித்திருக்க வேண்டியதில்லை. பாதியில் நிற்கிறவரின் பேச்சுக்குத்தான் சூடு அதிகம். முடிவு என்னவாகுமென்று அவருக்கும் தெரியாது. பிடிக்கவில்லை என்று கைவிட்டவரும் வந்து சொல்லலாம். அவரைத் திருத்த முயலக் கூடாது.

ஒரு கணக்கு நோட்டு போட்டிருக்கிறது. இன்று பேசப்பட்ட மூன்று புத்தகங்களின் பெயரும் அதில் எழுதப்பட்டுள்ளன. யாரிடம் இருக்கிறது, அடுத்து யார் கைக்குப் போகிறது என்று இரண்டு பத்திகள். 'தோல்' நாவலுக்கு இப்போதே நான்கு பேர் வரிசையில் இருக்கிறார்கள். தடித்த புத்தகம் என்பதால் ஆளுக்கு ஒரு மாதம் தவணை. அடுத்த கூடல் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. 'பாத்துமாவின் ஆடு' நூலின் முதல் இருபது பக்கங்களை அந்த இளம் தோழர் வாசிப்பார். மலையாளத்திலேயே வாசிப்பார். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கலாம்.