கேப்பர் ஹவுஸ் முதல் கடுக்காய்த் தண்ணீர் வரை
(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ராணி மேரிக் கல்லூரியின் கட்டடங்களைப் பற்றி பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் நான் என்றைக்கு நிறுத்தியிருக்கிறேன்! தோழிகளுக்குத் தெரியும்.

1914-ல், சென்னையின் முதல் பெண்கள் கல்லூரியாக இது தொடங்கியபோது சொந்தக் கட்டடம் கிடையாது. கேப்பர் என்ற ராணுவ அதிகாரியின் வீடாக இருந்து, பிறகு ஓட்டலாக மாறிய கேப்பர் ஹவுஸில்தான் முதல் வகுப்புகள். முதல்வர் டோரதி டி லா ஹே அம்மையார். 1936 வரை அவர்தான். 1915-ல் பெண்ட்லண்ட் ஹவுஸ், 1918-ல் ஸ்டோன் ஹவுஸ், 1921-ல் ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. ராணி மேரி என்ற பெயரே 1917-ல் வந்ததுதான். ஜெய்ப்பூர் என்றதும் ராஜஸ்தானுக்குப் போய்விடாதீர்கள். இது அன்று சென்னை மாகாணத்திலும் இன்று ஒடிசாவிலும் இருக்கிற ஜெய்ப்பூர்.

கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை. 2003-ல் மற்றவையும் போயிருக்கும். இங்கே தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்ததும், மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் உட்கார்ந்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இடிப்பதைத் தடுத்தாயிற்று. ஆனால் பழுதுபார்க்கிறோம் என்று நாமே கெடுத்துவிடலாமே! இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சித்திரக்குளம் பக்கத்தில் என் மாமியார் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம். மழையில் ஒழுகியது. "பழைய பூச்சைத் தட்டிட்டு சிமெண்ட் பூசிடலாம்மா, நூறு வருஷம் நிக்கும்" என்றார் மேஸ்திரி. மாமியார் வேண்டாம் என்றார். நான்தான் பிடிவாதமாகப் பூசச் சொன்னேன். இரண்டே மழைக்காலத்தில் சுவரெல்லாம் உப்புப் பூத்தது. சுண்ணாம்புச் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். சுவருக்குள் இருந்த கட்டை நுனி மக்கிப்போயிருந்தது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை!

பிறகு எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசினோம். இதே கடற்கரைச் சாலையில், சிஸம் வடிவமைத்து 1879-ல் முடிந்த செனட் ஹவுஸையும் 2006 வாக்கில் சுண்ணாம்பு கொண்டுதான் புதுப்பித்தார்கள்.

அதனால் சங்கத்துக்கு என் விண்ணப்பம்: கட்டட நிதி திரட்டினால் பெயிண்டுக்கும் டைல்ஸுக்கும் முன்னால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். தங்கைகளே, மொட்டைமாடிச் சுவரில் அரசங்கன்று தலைகாட்டினால் உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள். ஐப்பசிக்கு முன்னால் சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள்.