யாரை யார் கட்டுவது? – சட்டமும் சாதியும்

(மதுரையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒருபால் திருமணம் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "நமக்குச் சுடுகாட்டுக்குப் போகப் பாதையே இல்ல. இதுல இது எதுக்குங்க?" நியாயமான கேள்விதான். பதில் அம்பேத்கரிடம் இருக்கிறது. 1916-லேயே அவர் சொல்லிவிட்டார், சாதியின் உயிர்நாடி அகமணம் என்று. யார் யாரைக் கட்டலாம் என்பதை ஊரும் குடும்பமும் தீர்மானிக்கிற வரைக்கும் சாதி சாகாது. 2016-ல் உடுமலையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்தது அந்த அதிகாரம்தான். பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைத் தடுப்பதும் அதே அதிகாரம்தான்.

தூரத்தில் தேட வேண்டாம். நம்ம மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை. சாதி மாறிக் காதலித்தவர்கள் படுகிற பாடு அப்படியே! 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களுக்குப் பாதுகாப்புத் தந்தார். ஆனால் பாதுகாப்பு வேறு, திருமண உரிமை வேறு.

வயது வந்தவர்களின் விருப்ப உறவு குற்றமில்லை என்று 377-ஆவது பிரிவு வழக்கில் உச்சநீதிமன்றம் 2018-ல் சொன்னது. 2023 அக்டோபர் 17-ல், சுப்ரியோ வழக்கில், அதே நீதிமன்றம் கதவைச் சாத்தியது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். சேர்ந்து வாழும் உறவுக்காவது சட்டத் தகுதி வேண்டும் என்றவர்கள் சந்திரசூட், கவுல் இருவர்தான். மறுத்தவர்கள் மூவர். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு 'இரு நபர்கள்' என்றுதான் ஆரம்பிக்குது. வயதைச் சொல்லும்போதுதான் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று பிரிக்குது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஓர் ஆண் கட்டிக்கொள்ளக்கூடிய பெண்ணை இன்னொரு பெண் கட்டக்கூடாது என்றால், அது பால் அடிப்படையிலான பாகுபாடு இல்லாமல் வேறென்ன?

"தடை ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, சமம்தானே?" என்பார்கள். கறுப்பர் வெள்ளையர் திருமணத்தைத் தடைசெய்த அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலமும் இதைத்தான் சொன்னது: இருவருக்கும் ஒரே தண்டனை, ஆகவே பாகுபாடு இல்லை. 1967-ல் லவிங் வழக்கில் அந்த வாதம் செல்லாது என்றாகிவிட்டது. "அவங்கவங்க அவங்கவங்க சாதிக்குள்ள கட்டிக்கிட்டா என்ன குறைஞ்சுபோச்சு?" – நம்ம ஊரில் கேட்கிற குரல் இதுதானே!

நான் வங்கியில் எழுத்தர். ஒருபால் இணையர் கூட்டுக்கணக்கு தொடங்கலாம், ஒருவரையொருவர் நாமினியாகப் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. நல்லதுதான். ஆனா நாமினிங்கிறவர் பணத்தை வாங்கிக்கொள்கிற ஆள்தான். உரிமை சட்டப்படியான வாரிசுக்கு. உயில் எழுதாமல் ஒருத்தர் செத்துப்போனா, இருபது வருஷம் கூட வாழ்ந்தவரிடம், அடித்து விரட்டிய வீட்டார் வழக்குப் போட்டு வாங்கிட்டுப் போகலாம். திருமணம் என்பது தாலி மட்டுமல்ல. சொத்து, ஓய்வூதியம், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும் உரிமை.

நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றால் நாம் சும்மா இருக்கணுமா? ஐயரில்லாமல், சடங்கில்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 1953-ல் செல்லாது என்றது. 1967-ல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. பழைய திருமணங்களும் சேர்ந்து செல்லுபடியாயின. ஆக, நீதிமன்றம் சாத்திய கதவைச் சட்டமன்றம் திறந்த மண் இது.

திருமணம் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று மாநிலம் இன்றும் திருத்தம் செய்யலாம். சிரமம்தான், ஆனால் கேட்காமல் கிடைக்காது. குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்ய வழி காணுங்கள் என்று 2023 நவம்பரில் ஆனந்த் வெங்கடேஷ் அரசுக்கு யோசனை சொன்னார். அதை முதல் படியாக வைத்து நாம் கேட்கலாம்.

ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்கிற நம் தீர்மானங்களில் இந்த வரியையும் சேருங்கள்: வயது வந்த இருவர் யாரைத் துணையாகக் கொள்வது என்பதில் ஊருக்கும் சாதிக்கும் வேலையில்லை. கேட்ட தோழருக்கும் சொல்கிறேன், சுடுகாட்டுப் பாதையை மறிக்கிற கையும் இந்தக் கைதான்.