கூரையைப் பிரிக்க நால்வர் தேவை

(வானொலி மறையுரை: நோயாளர் உலக நாளையொட்டி)



வருகிற பிப்ரவரி 11ஆம் நாள் லூர்து அன்னையின் திருவிழா. அந்த நாளை நோயாளர் உலக நாளாகக் கடைப்பிடிக்குமாறு புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அறிவித்தார். மறு ஆண்டு லூர்து நகரில் அது முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. பத்தாவது நோயாளர் உலக நாளின் சிறப்பு வழிபாடு 2002இல் நம் வேளாங்கண்ணியிலேயே நடந்தது. இந்த நாள் நெருங்கி வரும் வேளையில், நம் பங்குகளில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

நம் தெருவில் ஒரு வீட்டுக்குக் குருவானவர் கையில் எண்ணெய்ச் சிமிழோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தார் என்ன கேட்பார்கள்? "ரொம்ப முடியலையா? டாக்டர் கைவிட்டுட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். சாமியார் வந்தால் ஆயுசு முடிந்தது என்று பொருள். இது நம்மிடையே ஊறிப்போன எண்ணம்.

இந்த எண்ணத்துக்குக் காரணம் உண்டு. நம் தாத்தா பாட்டிகள் ஞானோபதேசத்தில் இந்த அருளடையாளத்தை 'அவஸ்தைப்பூசுதல்' என்றுதான் படித்தார்கள். மரண அவஸ்தையில் கிடப்பவருக்கு உரியது என்று பெயரே சொன்னது. ஆனால் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில், 'நோயில்பூசுதல்' என்ற பெயரே இதற்கு மிகவும் பொருத்தமானது என்றும், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றும் தெளிவுபடுத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையைத் தந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. புத்தகத்தில் பெயர் மாறிவிட்டது. நம் நெஞ்சில் இருக்கும் பயம் மாறவில்லை.

அந்தப் பயத்தினால் என்ன நடக்கிறது? "அப்பா பயந்துடுவார், இப்ப வேண்டாம்" என்று பிள்ளைகள் தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில் நள்ளிரவில் பங்குத்தந்தைக்குத் தொலைபேசி வருகிறது. அவர் ஓடிப்போய்ப் பார்க்கும்போது, பெரியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயில் குழாயோடு நினைவின்றிக் கிடக்கிறார். ஐந்து நிமிடம்தான் அனுமதி. குருவானவர் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசிச் செபிக்கிறார். இறைவனின் அருள் அங்கேயும் செயல்படுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெரியவர் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பியிருக்கலாம். வழியுணவாக நன்மை வாங்க ஏங்கியிருக்கலாம். பல வருடமாகப் பேசாத தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல நினைத்திருக்கலாம். அதற்கெல்லாம் நேரம் இருந்தது. நாம்தான் அந்த நேரத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் பயந்துவிடுவார் என்று சொன்னோம். உண்மையில் பயந்தது யார்?

அன்பர்களே, மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கப்பர்நாகும் ஊரில் இயேசு ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தினால் உள்ளே போக முடியவில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரை இயேசுவின் முன் இறக்குகிறார்கள்.

இதில் மூன்று செய்திகள் உண்டு. ஒன்று, வாசலை அடைத்து நின்றவர்கள் தீயவர்கள் அல்லர். இறைவார்த்தை கேட்க வந்தவர்கள். இயேசுவைச் சுற்றி நின்ற கூட்டமே நோயாளிக்குத் தடையாக இருந்தது. இன்று நம் பங்குகளைப் பாருங்கள். கொடியேற்றம், தேர்பவனி, கட்டடப் பணி, கூட்டத்துக்கு மேல் கூட்டம். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இந்தக் கூட்டத்துக்கு வெளியே, திண்ணையிலும் உள்ளறையிலும் கட்டிலோடு கிடப்பவருக்கு வழி இருக்கிறதா?

இரண்டு, அந்த நோயாளி ஒரு வார்த்தையும் பேசியதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையைக் கண்டே இயேசு செயல்படுகிறார். நோயுற்ற நேரத்தில் சிலருக்குச் செபிக்கவும் தெம்பிருக்காது. அப்போது அவருக்காக நம்புவது அவரைச் சுமப்பவர்களின் கடமை.

மூன்று, இயேசு முதலில் பாவமன்னிப்பைத் தருகிறார். அதன் பிறகே எழுந்து நடக்கச் சொல்கிறார். யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரமும் இதையே காட்டுகிறது. நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும்; அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும்; ஆண்டவர் அவரை எழுப்புவார், பாவங்களும் மன்னிக்கப்படும். ஆகவே இது மந்திரம் அல்ல; மருத்துவத்துக்கு மாற்றும் அல்ல. மருத்துவரை மதிக்கச் சொல்வது சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம். மருந்தும் வேண்டும், செபமும் வேண்டும். சுகம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டால் நூறு மைல் தூரக் கூட்டத்துக்கும் நோயாளியை வண்டியில் ஏற்றிச் செல்கிறோம். நான்கு தெரு தள்ளி இருக்கும் பங்குத்தந்தையை அழைக்க மட்டும் ஏன் தயங்குகிறோம்?

சரி, இன்று அந்த நால்வர் யார்?

முதலாமவர் குடும்பத்தார். கடும் நோய் தெரிய வந்தவுடனேயே சொல்லியனுப்புங்கள். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அழையுங்கள். முதுமையால் தளர்ந்தவர்களும் இதைப் பெறலாம். குணமாகி மீண்டும் நோயுற்றாலோ, அதே நோய் கடுமையானாலோ மறுபடியும் பெறலாம். ஒருமுறைதான் என்பது தவறான எண்ணம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் வையுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்காகச் சற்று நேரம் விலகி நில்லுங்கள். பிறகு எல்லாரும் சுற்றி நின்று செபியுங்கள்.

இரண்டாமவர் அன்பியத்தார். பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, தனியே கிடக்கும் பெற்றோர் எத்தனை பேர் என்று அன்பியத்துக்குத்தான் தெரியும். தொலைக்காட்சியில் திருப்பலி பார்த்து அவர்கள் ஆறுதல் அடைகிறார்கள், நல்லதுதான். ஆனால் திரையிலிருந்து நன்மை கைக்கு வராது. அவர்களின் பெயர்களை எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள்.

மூன்றாமவர் நற்கருணைப் பணியாளரும், மரியாயின் சேனையினரும், நோயாளரைச் சந்திக்கும் அனைவரும். நோயில்பூசுதலைக் குருக்கள் மட்டுமே வழங்க முடியும். ஆனால் அருகில் உட்கார, கையைப் பிடிக்க, ஒரு செபமாலை சொல்ல எல்லாராலும் முடியும்.

நான்காமவர் பங்குத்தந்தையரான நாங்கள். மக்களின் வீடுகளைச் சந்திப்பதும், நோயாளரையும் இறக்கும் தறுவாயில் இருப்போரையும் அன்போடு தேற்றுவதும் பங்குத்தந்தையின் கடமை என்று திருச்சபைச் சட்டத்தின் 529ஆம் எண் கூறுகிறது. அது அலுவல் முடிந்து நேரமிருந்தால் செய்யும் வேலை அல்ல. அதுவே எங்கள் அலுவல்.

இதற்கு நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவாவில் 1651இல் பிறந்த புனித யோசேப் வாஸ், குருக்களே இல்லாமல் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடி 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழும் சிங்களமும் கற்று, இரவு வேளைகளில் வீடு வீடாகச் சென்று அருளடையாளங்களை வழங்கியவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயுற்றோரை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அவர் ஓடவில்லை. கத்தோலிக்கர், பௌத்தர் என்று பாராமல் புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஆள் இல்லாத வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது, "சாவு வருகிறது" என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தங்களைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார் என்றே உணர்ந்திருப்பார்கள்.

அன்புக்குரியவர்களே, 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின் போது எத்தனையோ பேர் அருகில் ஒருவரும் இன்றி இறந்தார்கள். அன்று கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. இன்று அடைக்கப்படவில்லை. ஆகவே இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ படுக்கையில் இருக்கும் ஒருவரிடம் போய் அமர்ந்து, மெதுவாகக் கேளுங்கள்: "சாமியாரை வரச் சொல்லட்டுமா?" அவர் பயப்படுவார் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். "இத்தனை நாளா இதைத்தான் நினைச்சிக்கிட்டிருந்தேன்" என்று அவர் சொல்லவும் கூடும்.

நோயாளரின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும், உங்கள் இல்லங்களில் நோயுற்றிருப்போரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.