சொந்தப் பணம், சொந்தப் படம்
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



திகில் பட டைரக்டர் மனோஜ் நைட் சியாமளனை நம்மில் பலர் அமெரிக்காக்காரர் என்றே நினைக்கிறோம். அவர் 1970-இல் பிறந்தது நம்ம புதுவையைச் சேர்ந்த மாஹேயில்! அம்மா, அப்பா இருவரும் டாக்டர்கள். பையனுக்கோ சின்ன வயதிலிருந்தே கேமரா மேல்தான் கண்.

நியூயார்க்கில் படிக்கும்போதே சென்னைக்கு வந்து முதல் படம் எடுத்தார். 1999-இல் வெளியான 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்துக்கு ஆறு ஆஸ்கார் பரிந்துரைகள். பிறகு சறுக்கல். பெரும் செலவில் எடுத்த 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2010), 'ஆஃப்டர் எர்த்' (2013) இரண்டையும் விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வீட்டை அடமானம் வைத்தார். 50 லட்சம் டாலர் சொந்தப் பணத்தில் 'தி விசிட்' எடுத்தார். பெரிய நட்சத்திரம் கிடையாது. ஒரு பண்ணை வீடு, தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். 2015-இல் வெளியாகி 9 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது! 'ஸ்ப்ளிட்', 'ஓல்ட்' படங்களுக்கும் பணம் அவருடையதே. செலவு சிறியது என்பதால் தோற்றாலும் மீளலாம். பணம் சொந்தம் என்பதால் கதையை மாற்றச் சொல்ல ஆளில்லை.

நம்ம பிள்ளைகள் 'சினிமா' என்றால் உடனே அதட்டாதீர்கள். "எவ்வளவு செலவு? போனால் தாங்குவியா?" என்று கேளுங்கள். கணக்கோடு பதில் சொன்னால் ஆசீர்வாதம் பண்ணுங்கள்.