கிளம்ப மறுக்கும் மோட்டார்



கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஸ்திரீகளும் புருஷர்களும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகள் வழியே இடுக்கி ஜில்லாவுக்கு ஏறி, மாலையில் இறங்குகின்றனர். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வண்டி காலையில் கிளம்பாவிடில் அத்தனை பேருக்கும் அன்றைய கூலி நஷ்டம். வளைவில் நின்றுவிட்டாலோ, கூலியினும் பெரிய நஷ்டம் நேரக்கூடும்.

பாட்டரி தளர்ந்த வண்டியை இரவில் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டிக் கிளப்பும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நோயைத் தீர்ப்பதன்று, மறைப்பதேயாகும். இக்காலத்து வண்டிகளில் பிரேக்குக்குத் துணைபுரியும் விசை, எஞ்சின் ஓடுவதனாலேயே உண்டாகின்றது. எஞ்சின் நின்றபின் எஞ்சியிருக்கும் விசை ஓரிரு மிதிப்புக்கே போதும். அப்பால் மிதி கல்லைப்போல் இறுகிவிடும். டீசலை மிச்சம் பிடிக்க எண்ணி, எஞ்சினை அணைத்து மலையிறங்குவோரும் இதே அபாயத்துக்கே ஆளாகின்றனர். ஆட்களை ஏற்றிக்கொண்டு இவ்விரண்டையும் ஒருபோதும் செய்தலாகாது.

ஆகவே நோயின் மூலத்தை முறையாகத் தேடல் வேண்டும். முதற் கேள்வி: சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கின்றதா? சுழலாவிடில், முன்விளக்கை ஏற்றிவைத்து மீண்டும் திருப்பிப் பார்க்க. விளக்கு மங்கி அவியுமாயின் குறை பெரும்பாலும் பாட்டரியிலோ அதன் முனைகளிலோ இருக்கும். முனைகளில் படிந்த வெண்பச்சைப் பொடியைத் துடைத்து, கம்பிகளை இறுக்கியபின் மறுபடியும் சோதிக்க. விளக்கு மங்காமல் எரிந்தும் எஞ்சின் அசையாவிடில் சாவி, கம்பி, ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பாட்டரி, இரவு ஓய்ந்திருந்தபின் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுங்கால் அது 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிடில் குறை மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ, அதன் பெல்ட்டிலோ, கம்பியிலோ உள்ளது. இதைப் பாராமல் புதுப் பாட்டரி வாங்குபவர், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புபவரே ஆவார்.

இரண்டாம் கேள்வி: சுழன்றும் பற்றவில்லையா? டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணத்தாலேயே எண்ணெய் எரிகின்றது. எனவே சுழற்றும்போது புகைக்குழாயைக் கவனிக்க. புகையே இல்லாவிடில் எண்ணெய் சேரவில்லை. வெண்புகை வருமாயின் எண்ணெய் சேர்கின்றது, ஆனால் உஷ்ணம் போதவில்லை. குளிர்ந்த விடியலில், சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து சாவியைத் திருப்புதல் நலம். பெட்ரோல் எஞ்சினாயின் தீப்பொறியும் பெட்ரோலும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: கிளம்பியபின் எப்போது நிற்கின்றது? உடனே நிற்குமாயின் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். சமதரையில் நன்றாக ஓடி, பாரத்தோடு ஏறுகையில் மட்டும் திணறி நிற்குமாயின் முதலில் வடிகட்டி அடைப்பையே ஐயுற வேண்டும். டாங்கின் மூடியைத் தளர்த்தியதும் சீராக ஓடுமாயின் காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது. புதிய மாதிரி டீசல் எஞ்சின்களில் உயர் அழுத்தக் குழாய்களை எவரும் தாமே கழற்றலாகாது. அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். அவ்வேலை தேர்ந்த மெக்கானிக்குக்கே உரியது.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால், பிரேக்கை ஒரே அழுத்தாக மிதித்துப் பிடிக்க. பலமுறை மிதித்து விசையை வீணாக்கலாகாது. கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தபின் ஆட்களை ஜாக்கிரதையாக இறக்குக. அதன் பின்னரே எஞ்சினைப் பார்த்தல் தகும்.

சங்கத்தின் வரவு செலவு நாள்வழியில் பதிவாதல்போல், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் இருத்தல் வேண்டும். என்று, எவ்விடத்தில், குளிர்ந்திருந்தபோதா சூடேறியபின்னா நின்றது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று ஓட்டுநர் எழுதிவரின், மெக்கானிக் ஊகத்தால் பல பாகங்களை மாற்ற நேராது. ஒரு சமயத்தில் ஒரு பாகத்தையே மாற்றிச் சோதித்தால்தான் மூலம் விளங்கும், பணமும் மிஞ்சும்.

வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றிரவே தம் வண்டியைச் சமதரையில் நிறுத்துவாராக. காலையில் அது சாவிக்குக் கிளம்புமாயின் நன்று. கிளம்பாவிடில், ஆட்களை ஏற்றுமுன் அதன் நோய் வெளிப்பட்டதே பெரிய லாபம்.